காளான் எடுத்த வைக்கோலை மாட்டுக்குப் போடலாமா?

நீடாமங்கலத்தான்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாகச் சிப்பிக் காளான் வளர்க்கிறேன். கொட்டகை இரண்டு, கறவை நான்கு. மூன்று அறுப்பு முடிந்த வைக்கோல் பைகளை இதுவரை வாழைக்குத்தான் போட்டு வந்தேன். போன வாரம் கிடாரி ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு போய், வேலியோரம் கொட்டியிருந்த அந்தக் குவியலைத் தின்றுகொண்டிருந்தது. பத்தடி தள்ளி நல்ல சம்பா வைக்கோல் போர் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இதைத் தேடிப் போயிருக்கிறது.

இணையத்தில் தேடினால், காளான் வளர்ந்த வைக்கோல் எளிதில் செரிக்கும், புரதம் கூடும், தீவனச் செலவு பாதியாகும் என்று வரிசையாகக் காணொளிகள். உண்மையா? தொடர்ந்து கொடுத்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பசுமைச்செல்வன்

சந்தேகமே வேண்டாம் அண்ணே. வைக்கோல் செரிக்காமல் போவதற்குக் காரணம் லிக்னின். மரத்தை மரமாக நிற்க வைக்கிற பொருள் அது. மாட்டின் வயிற்றுக்கு அது பிடிபடாது. காளான் அதைத்தான் தின்கிறது.

சிலி நாட்டின் தெற்கே மழைக்காடுகளில் பூஞ்சை பிடித்து வெளுத்து மெத்தென்று ஆன மரத்தை மாடுகள் தேடிப்போய்த் தின்கின்றன. அந்த ஊரில் அதற்குப் பெயரே உண்டு: பாலோ பொத்ரிதோ, அதாவது உளுத்த மரம். பிலிப்பி என்ற இயற்கையியலாளர் 1893-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மரமே தீவனமாகும்போது வைக்கோல் ஆகாதா?

கோமதி_கறவை

தம்பி, உளுத்த மரம் தின்ற மாடு எத்தனை லிட்டர் கறந்தது என்று அவர் எழுதியிருக்கிறாரா?

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் வைக்கோலே வெளியூரிலிருந்து லாரியில்தான் வருகிறது. சோளத்தட்டையும் கடலைக்கொடியும் இல்லாத மாதத்தில் அதை நம்பித்தான் பிழைப்பு. அதனால் கேட்கிறேன், நூறு கிலோ வாங்கிக் காளானுக்குக் கொடுத்தால் திரும்ப என் கைக்கு எத்தனை கிலோ வரும்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

ஆய்வுக்கூடம்

நுண்ணுயிரியல் படிக்கிறேன். அக்கா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி, அதற்கு முன் ஒரு சின்ன விளக்கம்.

மாட்டின் பெருவயிற்றிலும் பூஞ்சை இருக்கிறது. ரொம்ப நாள் அவற்றை வாலுள்ள ஓரணு உயிர் என்றே நினைத்திருந்தார்கள். 1975-இல் காலின் ஓர்ப்பின் என்பவர்தான் அவை பூஞ்சையின் நீந்தும் வித்துகள் என்று காட்டினார். நியோகாலிமாஸ்டிக்ஸ் என்று பெயர். வைக்கோல் துணுக்குக்குள் வேர் போல நுழைந்து பிளந்துவிடும். ஆனால் லிக்னினைக் கரைத்துத் தீர்க்க அவற்றாலும் முடியாது. லிக்னினை முழுதாக உடைக்க ஆக்சிஜன் வேண்டும். பெருவயிற்றில் காற்று கிடையாது. அதனால்தான் அந்த வேலையை வயிற்றுக்கு வெளியே செய்து கொடுக்கப் பார்க்கிறார்கள்.

வெளியே அதைச் செய்பவை வெள்ளை அழுகல் பூஞ்சைகள். சிப்பிக் காளான் அந்தக் கூட்டம்தான். லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்சிடேஸ் என்ற நொதிகளை வெளியே விட்டு லிக்னினை உடைக்கின்றன. லிக்னின் அவற்றுக்குச் சாப்பாடு அல்ல என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். லிக்னின் பூட்டு, உள்ளே இருக்கிற செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்ற நார்ச்சத்துகள்தான் சாப்பாடு. நம் மாட்டுக்கும் அதே சாப்பாடுதான். பூட்டை உடைத்தவன் பெட்டியை நமக்குத் திறந்து வைத்துவிட்டுப் போவானா என்பதுதான் விஷயம்.

சில இனங்கள் ஓரளவு அப்படிப் போகின்றன. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் செரிபோரியாப்சிஸ் சப்வெர்மிஸ்போரா என்ற பூஞ்சையையும் ஷிடாகே காளானையும் கோதுமைத் தாளில் ஏழெட்டு வாரம் வளர்த்துப் பார்த்தார்கள். லிக்னின் நன்றாகக் குறைகிறது, செல்லுலோஸ் பெரும்பாலும் தப்பிக்கிறது. எல்லாப் பூஞ்சையும் இப்படி இல்லை. பனேரோகீட் என்று ஒன்று இருக்கிறது, லிக்னினோடு செல்லுலோஸையும் சேர்த்து வழித்துவிடும்.

பசுமைச்செல்வன்

பார்த்தீர்களா, விஞ்ஞானமும் இதைத்தானே சொல்கிறது!

ஓய்வு_கால்நடை

தம்பி சொன்னதில் ஒரு வார்த்தையைக் கவனியுங்கள்: கோதுமைத் தாள். நம்முடையது நெல் தாள். நெல்லுக்கு லிக்னினோடு மணலும் ஒரு பூட்டு, அதாவது சிலிக்கா. வைக்கோலை எரித்தால் கிடைக்கிற சாம்பலில் பெரும்பகுதி அதுதான். அதை எந்தப் பூஞ்சையும் தின்னாது. மற்றதெல்லாம் குறையக் குறைய மணலின் பங்கு கூடிக்கொண்டே போகும்.

இனி கோமதி அம்மா கேட்ட கணக்கு. கையில் சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த வைக்கோல் 10 கிலோ. அதில் மொத்தப் புரதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் 350 கிராம். மூன்று அறுப்பில் 6 கிலோ காளான் எடுத்தீர்கள் என்று வையுங்கள். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், ஆக உலர்ந்த எடை 600 கிராம். அதில் கால் பங்கு புரதம் என்றால் 150 கிராம் சந்தைக்குப் போய்விட்டது. மீதி வைக்கோலைக் காயவைத்து நிறுத்தால் 7 கிலோவுக்குள்தான் இருக்கும். காளானாகப் போனது 600 கிராம்தான், மற்றது பூஞ்சை மூச்சு விட்டதில் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் போய்விட்டது. மிஞ்சிய 7 கிலோவில் 200 கிராம் புரதம், கிட்டத்தட்ட 3 சதவீதம். காளான் வித்தோடு பைக்குள் வந்த சோளத்தால் கொஞ்சம் ஏறலாம். எங்கே கூடியது?

காளானை அறுக்காமலே விட்டால் 350 கிராமும் ஏழரைக் கிலோவில் இருக்கும், கிட்டத்தட்ட 5 சதவீதம். காணொளிக்காரர்கள் காட்டுகிற எண் பெரும்பாலும் இந்த வகைதான். பாலைச் சுண்டக் காய்ச்சினால் கொழுப்புச் சதவீதம் ஏறும். அதற்காக மாடு கூடுதல் கொழுப்பு கறந்தது என்று சொல்ல முடியுமா? பூஞ்சையால் புரதத்துக்கு வேண்டிய தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, இல்லாத இடத்திலிருந்து கொண்டுவர முடியாது. ஆய்வகத்திலும் தழைச்சத்தை அளந்து 6.25-ஆல் பெருக்கித்தான் புரதம் என்று எழுதுகிறார்கள். பூஞ்சையின் சுவரில் இருக்கிற கைட்டின் புரதமே அல்ல, ஆனால் அதில் தழைச்சத்து இருப்பதால் அதுவும் அந்தக் கணக்கில் புரதமாகிவிடும்.

கோமதி_கறவை

நூற்றுக்கு எழுபது. நான் காசு கொடுத்து வாங்கிய வைக்கோலில் முப்பது கிலோ காளானோடும் காற்றோடும் போகிறது. நன்றி டாக்டர் ஐயா, எனக்கு இது போதும்.

ஆய்வுக்கூடம்

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இழப்பு எவ்வளவு என்பது எப்போது நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. பூஞ்சை முதலில் எளிதான சர்க்கரையையும் ஹெமிசெல்லுலோஸையும்தான் கடிக்கும். அந்த நேரத்தில் வைக்கோலின் செரிமானம் இருந்ததைவிடக் குறையக்கூட வாய்ப்பு உண்டு. பிறகுதான் லிக்னின் பக்கம் போகும், செரிமானம் ஏறத் தொடங்கும். மேலும் விட்டால் மறுபடி இறங்கும். நடுவில் ஒரு நல்ல காலம் இருக்கிறது. காளான் வளர்ப்பவர் அதற்காக நிறுத்தமாட்டார், அவருக்கு அறுப்புதான் முக்கியம்.

ஏர்முனை

ஒரு சந்தேகம். பூஞ்சை நல்லது என்றால், குறுவை அறுவடையில் மழையில் நனைந்து பூசணம் பூத்த வைக்கோல் என்னிடம் ஒரு டிராக்டர் கிடக்கிறது. அதையும் காயவைத்துப் போட்டுவிடலாமா?

ஓய்வு_கால்நடை

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

வித்துப் போட்டு வளர்த்த காளானும் தானாகப் பிடித்த பூசணமும் ஒன்றல்ல. பஞ்சாப், ஹரியானா பக்கம் குளிர்காலத்தில் பூசண வைக்கோல் தின்ற எருமைகளுக்கு தெக்னாலா என்று ஒரு நோய் வரும். இன்றைய பாகிஸ்தானில் ஓடுகிற தேக் என்ற ஓடையின் பெயரால் வந்தது. ஃபியூசேரியம் பூஞ்சையின் நஞ்சால் வருவது என்று கருதப்படுகிறது. வால் நுனி, காது மடல், குளம்புக்கு மேல் பகுதி எல்லாம் ரத்தம் ஓடாமல் கறுத்துக் காய்ந்து விழும். படிக்கும் காலத்தில் வாலில் பாதி இல்லாத எருமைகளைப் பார்த்திருக்கிறேன், இன்றும் கண்ணில் நிற்கிறது.

நம் ஊர் ஈரத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் இன்னொரு தலைவலி. அது விடுகிற அஃப்ளாடாக்சின் மாட்டின் உடம்பில் உருமாறிப் பாலில் எம்1 என்ற பெயரில் வரும். கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. காய்ச்சினாலும் போகாது.

கறுத்தது, பச்சையாகப் பொடி பறப்பது, முடைநாற்றம் அடிப்பது எல்லாம் எருக்குழிக்குத்தான். அடுத்த முறை ஈர வைக்கோலைப் போர் போட்டே ஆகவேண்டும் என்றால் அடுக்கடுக்காக உப்பு தூவுங்கள். நம் தாத்தாக்கள் செய்ததுதான்.

வன்னி_மேய்ப்பன்

வணக்கம். கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். உங்கள் கதையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கம் யூரியா வைக்கல், அதாவது யூரியாக் கரைசல் தெளித்து மூட்டமாக மூடி வைத்துப் பதப்படுத்திய வைக்கல், பழைய விஷயம். எண்பதுகளில் இலங்கையில் இதற்கென்றே வைக்கல் பயன்பாட்டுத் திட்டம் ஒன்று நடந்தது. அப்பா அந்தக் காலத்தில் பழகியதை நானும் செய்துகொண்டிருந்தேன். 2021-இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியபோது வயலுக்கே யூரியா இல்லை, மாட்டுக்கு எங்கே போவது? அப்போதுதான் நானும் காளான் வழியைப் பிடித்தேன். வித்து கொழும்பில் இருந்து வரவேண்டும். வந்து சேருவதற்குள் பாதி பழுது. இரண்டு முறை செய்து விட்டுவிட்டேன். மாடுகள் தின்றன, குறை சொல்ல முடியாது. என் முதுகுதான் தாங்கவில்லை. வெட்டி, ஊறவைத்து, அவித்து, பையில் அடைத்து, பிறகு பையைக் கிழித்துக் காயவைத்து... இத்தனைக்கும் அது வெறும் வைக்கல்.

டாக்டர் ஐயாவிடம் ஒன்று கேட்கவேண்டும். யூரியாவையும் காளானையும் சேர்த்துச் செய்யும் முறை ஒன்று இந்தியாவில் இருந்ததாகக் கேள்விப்பட்டேன். அது என்ன ஆயிற்று?

ஓய்வு_கால்நடை

கர்னால் முறை. நினைவூட்டியதற்கு நன்றி தம்பி, அது ஒரு அழகான யோசனை.

யூரியா வைக்கோல் எப்படி வேலை செய்கிறது என்றால், மூட்டத்துக்குள் யூரியா அம்மோனியாவாக மாறி லிக்னினுக்கும் ஹெமிசெல்லுலோஸுக்கும் இடையில் உள்ள பிணைப்பை அவிழ்க்கிறது. ஆனால் மூட்டத்தைப் பிரித்ததும் அம்மோனியாவில் பெரும்பகுதி காற்றில் போய்விடும். கண் எரியும், தெரியுமே. கர்னால் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில், தப்பி ஓடுகிற அந்த அம்மோனியாவை ஒரு பூஞ்சையைக் கொண்டு பிடித்துப் புரதமாக்கிவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். தேர்ந்தெடுத்தது கோப்ரினஸ் ஃபிமிடேரியஸ். அம்மோனியா நெடியில் மற்றப் பூஞ்சைகள் செத்துவிடும், இது செழிக்கும்.

நீடாமங்கலத்தாருக்கு இதை நன்றாகத் தெரியும். பைகளில் சில நேரம் மெல்லிய குடை முளைத்து, மறுநாள் கறுப்பு மையாக வடிந்துவிடுமே, அந்தக் குடும்பம்தான். காளான் கொட்டகையில் களை, கர்னாலில் கதாநாயகன்.

எண்பதுகளின் பின்பாதியில் தொடங்கி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் வாகனிங்கனும் சேர்ந்து நடத்திய இந்திய-டச்சுத் திட்டத்தில் இதையெல்லாம் ஆற அமர அலசினார்கள். ஆய்வகத்தில் நன்றாக வந்தது. பெரிய குவியலில் ஒருநாள் வந்தது போல் மறுநாள் வரவில்லை. சூடு ஏறியது, வேறு பூஞ்சை புகுந்தது, தாளும் கணிசமாகக் கரைந்தது. விவசாயி வீட்டுத் தொழுவம் வரை அது வந்து சேரவில்லை. யூரியா மட்டும் வந்தது. அதுவும் எல்லா வீட்டுக்கும் அல்ல.

நீடாமங்கலத்தான்

ஐயா, அந்த மைக்குடையை நான் வருடக்கணக்காகப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்திருக்கிறேன்!

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. நான் வைக்கோலை அவிப்பதில்லை. விறகு கட்டுப்படியாகவில்லை. வேறு பூசணம் வராமல் இருக்க, கார்பெண்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியும் பார்மலினும் கலந்த தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து எடுக்கிறேன். இங்கே பலரும் அப்படித்தான் செய்கிறோம். பார்மலின் காற்றில் போய்விடும் என்பார்கள். கிடாரி தின்றது அந்த வைக்கோலைத்தான்.

ஓய்வு_கால்நடை

நல்லவேளை சொன்னீர்கள். ஒருநாள் தின்றதற்குப் பதற வேண்டாம். ஆனால் அந்த வைக்கோலை இனி மாட்டுக்குப் போடாதீர்கள், வாழைக்கே போகட்டும். கார்பெண்டசிம் இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் என்று ஐரோப்பாவில் வகைப்படுத்திய மருந்து. நீங்கள் போடப்போவதோ கிடாரிக்கு. சினைப் பிடிக்க வேண்டிய மாட்டிடம் சோதனை வேண்டாம். மாட்டுக்கு என்றால் வெந்நீரில் அவித்த வைக்கோல் மட்டும்தான்.

கிடாரி ஏன் தேடிப்போய்த் தின்றது என்று கேட்டீர்கள். ஈரம், மென்மை, காளான் மணம். புதிதாக எது கிடைத்தாலும் கிடாரி ஒரு வாய் வைத்துத்தான் பார்க்கும். மாடு விரும்புகிறது என்பதற்காக அது சத்து என்று ஆகிவிடாது. போஸ்டரைக்கூடத் தின்கிறதே.

பசுமைச்செல்வன்

ஐயா எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றி அணைக்கிறீர்கள். அப்படியானால் இதில் பயனே இல்லை என்கிறீர்களா?

ஓய்வு_கால்நடை

பயன் இல்லை என்று சொல்லவில்லை தம்பி. காளான் வருமானம் உங்களுடையது. அதன் மிச்சம் சுத்தமாக இருந்தால் வைக்கோலுக்குப் பதிலாக ஒரு பங்கு போடலாம், நட்டம் இல்லை. ஆனால் வைக்கோலை மேம்படுத்துவதற்காகவே காளான் வளர்ப்பது சரிவராது என்கிறேன். வைக்கோலுக்கு மதிப்புக் கூட்ட வேண்டும் என்றால் முறை எளிது. 100 கிலோ வைக்கோல், 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணீர். கரைத்து, பரப்பிய வைக்கோல் மேல் அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து அழுத்தி, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் 21 நாள் மூடவேண்டும். பிரித்து நெடி அடங்கிய பிறகு போடுங்கள், முதல் வாரம் கொஞ்சமாக. மொத்தப் புரதம் 3–4 சதவீதத்திலிருந்து 7–8 வரை வரும், மாடும் கூடுதலாகத் தின்னும். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்றால் 4 கிலோ யூரியா 24 ரூபாய்கூட ஆகாது. ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்குக் கூடாது. யூரியா கரைத்த வாளியை மாடு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது, குடித்தால் மாட்டைப் பிழைக்கவைப்பது கடினம்.

எந்த வைக்கோலானாலும் தாது உப்புக் கலவையை மறக்காதீர்கள். நெல் வைக்கோலில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நீடாமங்கலத்தான்

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சம்பா நடவு வேலை.

ஐயா சொன்னபடி 20 பை மட்டும் வெந்நீரில் அவித்துப் போட்டேன். பைக்கு அரை கிலோ காய்ந்த வைக்கோல். இரண்டு பையில் பச்சைப் பூசணம் வந்தது, அப்படியே குழியில் புதைத்தேன். மீதி 18 பை, அதாவது 9 கிலோ. காளான் ஐந்தே முக்கால் கிலோ கிடைத்தது. மிச்சத்தை மூன்று நாள் காயவைத்து நிறுத்தேன். 6 கிலோவும் கொஞ்சமும். ஐயாவின் சாக்பீஸ் கணக்கு கிட்டத்தட்ட அப்படியே.

மாடுகள் தின்றன. இரண்டு மாடு மூக்கை வைத்துவிட்டுத் தள்ளிவிட்டது, தவிடு கொஞ்சம் தூவியதும் தின்றது. பாலில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. தெரியவும் வாய்ப்பில்லை, ஏனென்றால் அந்த 6 கிலோ ஒருவேளைக்கு வந்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. என் இரண்டு கொட்டகையிலும் சேர்த்து மாதம் 300 பை ஓடுகிறது. 150 கிலோ வைக்கோல். மிச்சம் 100 கிலோ. நாலு மாடு நாளைக்கு 20 கிலோ வைக்கோல் தின்கிறது. மாதம் முழுக்க நான் அவித்து அடைத்து வளர்த்ததை ஐந்து நாளில் முடித்துவிடும். நல்லதா கெட்டதா என்ற கேள்வியே அப்புறம்தான், அளவே காணாது. இதை முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் இங்கே கேட்டே இருக்கமாட்டேன்.

விறகுச் செலவு உதைக்கிறது, அதனால் வழக்கம்போல் மருந்துத் தண்ணீர்தான், மிச்சம் வாழைக்குத்தான். மாட்டுக்கு யூரியா மூட்டம் போட்டிருக்கிறேன். இன்று பதினோராவது நாள்.

ஆய்வுக்கூடம்

அருமை அண்ணா. எடை போட்டுப் பார்த்து எழுதுகிறவர்கள் குறைவு.

கோமதி_கறவை

தம்பி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பையைக் கிழித்துக் கொட்டும்போது பாலிதீன் துண்டு, கட்டிய ரப்பர் எல்லாம் பொறுக்கினீர்களா? எங்கள் பக்கத்து வீட்டு மாட்டுக்கு வயிற்றைக் கிழித்து எடுத்த குப்பையைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பயம்தான் பெரிது.

நீடாமங்கலத்தான்

பொறுக்கினேன் அக்கா. மேலே ஒன்று, கீழே ஒன்று, 18 பைக்கு 36 ரப்பர் இருக்கவேண்டும். எண்ணிப் பார்த்தேன், 35 இருந்தது. இரண்டு வாரம் சாணியைக் கிளறிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் வீட்டுக்காரி கொத்தமல்லிக் கட்டில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள்.